ஐந்து என்று எழுதிய பாக்கெட்

ஆகஸ்ட் 12, 2024 – திங்கள்

ஸ்கேன் எடுத்த பெண் என் வயிற்றில் பசையைத் தேய்த்துக்கொண்டே, "மூணு கல்லு இருக்கு ஆச்சி" என்றாள். மூன்று பிள்ளைகள் இருப்பதைச் சொல்வதுபோல் ஒரு சிரிப்பு வேறு. பித்தப்பையில். பெரியது பதினெட்டு மில்லிமீட்டர்.

ரிப்போர்ட்டை அனுசியா கையிலிருந்து பிடுங்கி நானே வாசித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு இங்கிலீஷ் ரிப்போர்ட் எதற்கு என்று மகள் நினைத்திருப்பாள். ஆஸ்பத்திரித் துணிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் அட்டைப்பெட்டி எழுத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைப் பிடித்தவள் நான். யாரும் சொல்லித் தரவில்லை.

போன வாரம் சேத்தூரில் கோயில் கொடைத் திருவிழா. தம்பி பொன்னுராஜ் வீட்டில் கறிச்சோறு தின்றதிலிருந்து பிடித்த வலி. வலது விலாவுக்குக் கீழே கிளம்பி முதுகைச் சுற்றித் தோள்பட்டை வரை.

டாக்டர் எட்வினுக்கு அனுசியா வயதுதான் இருக்கும். பையையே எடுத்துவிட வேண்டுமாம். வயிற்றில் நாலு துளை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாமாம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு ஒரு ஏன் எதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டிலேயே இரு என்றாள் அனுசியா. பஸ் ஏறி ராஜபாளையத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14

வலி இல்லை. வலி இல்லாத நாளில்தான் எல்லாருக்கும் நான் பிடிவாதக்காரியாகத் தெரிகிறேன்.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

பொன்னுராஜ் மோட்டார் பைக்கில் வந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. மதுரையில் அதிர்வலை வைத்து உடைத்தார்கள். நான்தான் மறந்துபோயிருந்தேன்.

"ஒரு மெத்தையில படுக்க வச்சாவ யக்கா. முதுகுல விரலால சுண்டிவிட்ட மாதிரி டக்கு டக்குன்னு அடிச்சிச்சு. முக்கா மணி நேரம். பொறவு ரெண்டு நாள் மண்ணு மண்ணா ஒன்னுக்குல போச்சு. அம்புட்டுதான்."

கத்தி இல்லை. தையல் இல்லை. உள்ளே எதையும் வைத்து எடுக்கும் வேலை இல்லை. கேட்கக் கேட்க வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எந்தப் பையில் இருந்தால் என்ன, கல் கல்தானே?

அவன் போனதும் பரணில் இருந்த காகிதக் கட்டை இறக்கினேன். வைத்தியம் சம்பந்தமாக எது வந்தாலும் வெட்டி வைப்பேன். நாங்கள் கட்டி அனுப்பும் துணி எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வாரப் பத்திரிகைத் துண்டு. ‘பித்தக்கல்லைத் தூளாக்கும் ஒலி அலை: கத்தியின்றிச் சிகிச்சை’. ஜெர்மனியில் செய்கிறார்களாம். அச்சிலேயே இருக்கிறது.

எட்வின் பிறக்கும் முன்பே வந்த செய்தி. அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20 – செவ்வாய்

துண்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். முழுவதும் வாசித்தார். அதைச் சொல்லியாக வேண்டும். பாதியில் மடக்கித் தரவில்லை.

"இதெல்லாம் உண்மைதாம்மா. ஒரு காலத்துல செஞ்சாங்க. கிட்னிக் கல்லு உடைஞ்சா தண்ணியோட போயிரும். பித்தப்பைக்கு வாசல் நூல் கனம். துண்டு அதுல அடைச்சா மஞ்சக்காமாலை, கணையத்துல வீக்கம். அப்படியே எல்லாம் நல்லபடியா போனாலும் பை அங்கதான இருக்கு? திரும்பக் கல்லு பிடிக்கும்."

"நூல் கனம்னா எத்தனாம் நம்பர் நூல்? இருபதா, நாப்பதா?" என்று கேட்டேன். நூல் மில் ஊரான ராஜபாளையத்தில் நூல் என்று சும்மா சொல்லக்கூடாது. அவருக்குப் புரியவில்லை.

"வீட்டுல குப்பை சேருதுன்னு வீட்டையே இடிப்பாவளா டாக்டர்?" என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அனுசியா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை அம்மா என்று சொல்ல அவளுக்கு அன்று வெட்கமாக இருந்திருக்கும். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 27

"எதுக்கும்மா பயப்படுறே?" என்று அனுசியா போனில் கேட்டாள். பயமா, எனக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பழைய கதையை எத்தனை டைரியில் எழுதிவிட்டேன்! இதிலும் இருக்கட்டும்.

எங்கள் கம்பெனியில் மாப் என்றால் வீடு துடைப்பது இல்லை. ஆபரேஷனில் வயிற்றைத் திறந்ததும் ரத்தம் ஒற்றவும் குடலை ஒதுக்கவும் உள்ளே வைக்கிற தடித்த துணி. தப்பித் தவறி உள்ளே தங்கினால் எக்ஸ்ரேயில் தெரியும்படி ஒரு நீல நூல் ஓடும். பாக்கெட்டுக்கு ஐந்து. அடுக்கி, கட்டி, கட்டியவளின் எண்ணும் தேதியும் போட்ட சீட்டைச் செருக வேண்டும். என் எண் பதினேழு.

2010 கடைசியில் வடக்கே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு பெண்ணின் வயிற்றில் மாப் ஒன்று தங்கிவிட்டதாம். மறுபடி திறந்து எடுத்தார்களாம். பாக்கெட்டில் ஐந்துக்குப் பதில் ஆறு இருந்திருக்கிறதாம். சீட்டில் பதினேழு. மேனேஜர் சோலைராஜ் அதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். நாளையிலிருந்து நீ கழிவு நூல் பொறுக்கப் போ என்றார். நான் போகவில்லை. அந்த வாசலையே மிதிக்கவில்லை.

எனக்கு எதிரே உட்கார்ந்து கட்டியவள் மாரிக்கனி. இருபது வருஷம் என் தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவள். இவள் கை தப்பாது என்று ஒரு வார்த்தை சொல்வாள் என அவள் முகத்தையே பார்த்தேன். "எனக்குத் தெரியாது சார்" என்றாள். அன்றோடு பேச்சை அறுத்தேன்.

என் கை தப்பாது. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

செப்டம்பர் 5 – வியாழன்

பொன்னுராஜை இழுத்துக்கொண்டு மதுரை போனேன். அவனுக்குக் கல் உடைத்த இடத்தில் வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், என்னை ஆச்சி என்று கூப்பிடவில்லை.

தான் படித்த காலத்தில் பித்தக்கல்லை அலை வைத்து உடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாராம். ஒரே கல்லாக, சிறியதாக, சுண்ணாம்பு ஏறாததாக இருந்தால்தான் செய்வார்களாம். உடைத்த பிறகு தூள் கரைய வருஷக்கணக்கில் மாத்திரை. அப்படியும் பலருக்குத் திரும்ப வந்ததாம். துளை ஆபரேஷன் வந்ததும் அதை விட்டுவிட்டார்கள்.

"ஒங்க மூணு கல்லுல ரெண்டுல சுண்ணாம்பு இருக்கும்மா. அந்தக் காலமா இருந்தாலும் ஒங்களுக்குச் செய்திருக்க மாட்டாங்க."

அவர் மேஜைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் இயந்திரம். மெத்தை. செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜவுளிக்கடை வாசலில் நின்று எட்டாத புடவையைப் பார்ப்பதுபோல.

பஸ்ஸில் பொன்னுராஜ், "யக்கா, பேசாம பையை எடுத்துட்டுப் போ" என்றான். கிருஷ்ணன்கோவில் வரும்வரை அவனோடு பேசவில்லை. அங்கே காலேஜ் பிள்ளைகள் ஏறி நெருக்கினார்கள், தள்ளி உட்கார் என்று அவன் தோளைத் தட்ட வேண்டியதாயிற்று. அதுவும் பேச்சில் சேராது.

செப்டம்பர் 21

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்னோர் ஊரிலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினேன். என் கையால், இங்கிலீஷில். இரண்டு பதில் வந்தது. இரண்டும் எட்வின் சொன்னதையே சொல்கின்றன. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்.

அக்டோபர் 9

மறுபடி வலி. இட்லிக்கு நல்லெண்ணெய் ஊற்றியது தப்பு. அனுசியாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 16 – புதன்

பயமா என்று கேட்டாளே. எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்?

ஆமாம். பயம்தான்.

துளையில் முடியாவிட்டால் திறப்பார்கள். திறந்தால் மாப் வைப்பார்கள். ஒரு நர்ஸ் பாக்கெட்டைக் கிழிப்பாள். மேலே ஐந்து என்று எழுதியிருக்கும். ஐந்து போனது, ஐந்து வந்தது என்று எழுதிக்கொண்டு என்னைத் தைத்துவிடுவார்கள். உள்ளே ஆறாவது கிடக்கும்.

பாக்கெட்டில் ஆறு இருக்கலாம். இதை டாக்டரிடம் சொல்லலாம், மகளிடம் சொல்லலாம். சொன்னால்? பதினாலு வருஷமாக ஊரெல்லாம், அப்படி இருக்கவே முடியாது என்று நான் சொன்னது என்ன ஆவது? ஆறு இருக்கும் என்று அதே வாயால் எப்படிச் சொல்வேன்?

அலை என்றால் இந்தக் கேள்வியே இல்லை. அதனால்தான் அலைந்தேன். கல்லுக்காக இல்லை.

அக்டோபர் 31 – தீபாவளி

அனுசியா வீட்டில். மருமகன் கௌதம்ராஜ் நல்ல புடவை எடுத்துத் தந்தார். உளுந்தவடை இரண்டு, அதிரசம் ஒன்று. யாரும் வற்புறுத்தவில்லை. நானேதான் தின்றேன்.

நவம்பர் 2

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். காய்ச்சல் குளிர்— ரெண்டு நாளா நிக்கல— பையில் சீழ் பிடித்துவிட்டதாம். வலியில் அனுசியா கையைக் கடித்திருக்கிறேன். பல் பதிந்த தடத்தைக் காட்டினாள்.

எட்வின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆகஸ்ட்லன்னா நாலு துளையோட போயிருக்கும்மா. இப்ப துளை போட்டுப் பார்க்கிறேன். பை ஒட்டிக்கிட்டு இருந்தா, விலாவுக்குக் கீழ திறந்துதான் எடுக்கணும். பெரும்பாலும் திறக்கிற மாதிரிதான் வரும்."

ஆக, மாப்புக்குப் பயந்து மூன்று மாதம் ஓடி, நேரே மாப்பிடமே வந்து சேர்ந்திருக்கிறேன். எவளும் தள்ளவில்லை. நானே ஓடி வந்தேன்.

நாளை காலை.

நவம்பர் 9 – சனி

உயிரோடு இருக்கிறேன். திறந்துதான் எடுத்தார்கள். ஒரு சாண் நீளத்துக்குத் தையல். இன்றுதான் நிமிர்ந்து உட்கார முடிந்தது. மறப்பதற்குள் எழுத வேண்டும்.

ஆபரேஷன் அறையில் நல்ல குளிர். தலைக்கு மேலே பெரிய விளக்கு. மயக்க மருந்துக்காரர் ஊசியைத் தயார் செய்தார். வலது பக்கம் பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ், பெயர் பாண்டிசெல்வி, முந்தின நாள் எனக்கு ஊசி போட்டவள். தட்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. எந்தக் காகிதம் என்று எனக்குத் தெரியாதா? அதற்குள் எதைச் செருகியிருப்பார்கள் என்றும் தெரியும்.

"ஏட்டி பாண்டிசெல்வி" என்று கூப்பிட்டேன். திரும்பினாள்.

"அதுல அஞ்சுன்னு போட்டிருந்தா நம்பாத. ஆறு இருக்கும். எண்ணு."

"யாரு சொன்னா ஆச்சி?"

"சொல்லுதேன்ல. இருக்கும்."

அவள் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "பாக்கெட்ட நாங்க எப்பவுமே நம்ப மாட்டோம் ஆச்சி. ஒவ்வொண்ணாப் பிரிச்சு, ரெண்டு பேரா எண்ணுவோம். கூடக் குறைய இருந்தா அந்தக் கட்டையே வெளிய தள்ளிருவோம். முடிச்சுத் தைக்கதுக்கு முன்ன இன்னொரு மட்டம் எண்ணுவோம். கேட்டுக்கிட்டே தூங்குங்க."

எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அறை மூலையிலிருந்து இன்னொருத்தி அதே எண்ணைத் திருப்பிச் சொன்னாள். நான்கு. ஐந்து. அடுத்து ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

நவம்பர் 10

பாண்டிசெல்வியிடம் கேட்டு அந்தப் பாக்கெட்டின் சீட்டை வாங்கினேன். குப்பைக்குப் போக இருந்ததாம். இங்கே ஒட்டியிருக்கிறேன். கட்டியவள் எண் 23. எந்தக் கம்பெனியோ, யார் பெற்ற பிள்ளையோ. சரியாக வைத்திருக்கிறாள்.

இரண்டு பேராக எண்ண வேண்டும் என்று இருக்கிறது! அன்றைக்கு எனக்கு இந்த ஒரு வாதம் கிடைத்திருந்தால் சோலைராஜை நார்நாராகக் கிழித்திருப்பேன். அந்த வடக்கத்தி ஆஸ்பத்திரி நர்ஸ் எண்ணாமல் விட்டாளே, அவளைக் கேளுங்கள் என்று. இன்று காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து தடவை சொன்ன பிறகு சத்தம் இறங்கிவிட்டது. எண்ணாதவள் தப்பைக் கழித்த பிறகும் ஒரு தப்பு மீதி நிற்கிறது.

நவம்பர் 11 – திங்கள்

மாரிக்கனி வந்தாள். எப்படித்தான் தெரிந்ததோ. கையில் பால்கோவா டப்பா. பித்தப்பையைப் பறிகொடுத்தவளுக்குப் பால்கோவா! முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலி என்றாள், மருமகள் சரியில்லை என்றாள். நான் சுவரையே பார்த்தேன். டப்பாவை அவளே திறந்து தின்ன ஆரம்பித்தாள்.

கடைசியில், "இன்னும் எம்மேல கோவமாக்கா?" என்றாள். "நீ தெரியாதுன்னு சொன்னவதான?" என்று சுவரிடமே சொன்னேன்.

"பின்ன என்ன சொல்லச் சொல்லுதே? அனுசியா ரிசல்ட்டு கேக்க நீ பாதிக் கட்டுல எந்திரிச்சு எதுத்த கடைக்குப் போன் பண்ண ஓடினதச் சொல்லணுமா? அத மறைக்கத்தான தெரியாதுன்னேன்."

வாசலில் அனுசியா பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. மாரிக்கனி போன பிறகு, "என் ரிசல்ட்டாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மூடியைத் திருகி மூடினாள். காபி ஊற்றவே இல்லை என்பது இருவருக்கும் அப்புறம்தான் உறைத்தது.

நவம்பர் 20 – புதன்

அனுசியா வீட்டில் இருக்கிறேன். எண்ணெய் இல்லாத சாப்பாடு. கேட்காமலேயே செய்கிறாள்.

அந்தப் பதினேழாம் எண் சீட்டில் இருந்த தேதி, அவள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். சோலைராஜ் கடிதத்தை வாசித்தபோது அந்தத் தேதியையும் வாசித்தார். அந்த நொடியே எனக்குத் தெரியும். எழுந்தபோது மூன்று வைத்திருந்தேன்; இரண்டுதான் வைத்தேன் என்று நினைத்து, திரும்பி வந்து இன்னும் மூன்று வைத்தேன். அவள் ஆயிரத்துக்கு மேலே வாங்கியிருந்தாள். கட்டை அவிழ்த்து எண்ணவில்லை. சந்தோஷத்தில் கை ஓடிக்கொண்டே இருந்தது.

இதை இந்தப் பதினாலு வருஷத்தில் எந்த டைரியிலும் எழுதவில்லை. எனக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தேன்.

என்னைக் கழிவு நூல் பொறுக்கச் சொன்னது எனக்குப் பெரிய அநியாயம். இப்போதும் அநியாயம்தான். எல்லார் முன்னாலும் வாசித்திருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு பொம்பளை இருந்தாள். ஒரு தரம் தைத்த வயிற்றை மறுபடி திறந்திருக்கிறார்கள். ஒரு தடவை திறந்ததற்கே எனக்கு இருமினால் உயிர் போகிறது. அவள் பிழைத்தாளா? பிள்ளை குட்டி உண்டா? ஒருநாள்கூட நான் கேட்கவில்லையே. என்னைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 9 – திங்கள்

அனுசியா லீவு போட்டு ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். கம்பெனி வாசல் மாறவில்லை. வேப்பமரம்தான் இல்லை. சோலைராஜுக்கு முடி முழுக்கப் போய்விட்டது. என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"ஏம்மா, பழைய பஞ்சாயத்தத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"அந்தப் பொம்பளை பிழைச்சாளா சார்?"

"எந்தப் பொம்பளை?"

நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. அவருக்கும் என்னைத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

"பதினேழாம் எண் பாக்கெட்டு. ஆறு வச்சது நான்தான். அது யார் வயித்துல இருந்துச்சோ, அந்தப் பொம்பளை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். அந்த அறையில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. பழைய கடிதமெல்லாம் மாடியில் மூட்டையாகக் கிடக்கிறதாம், கரையான் விட்டுவைத்ததோ என்னவோ, தேடுவது கஷ்டம் என்றார். நானே தேடித் தருகிறேன், இங்கிலீஷ் வாசிப்பேன் என்றேன். தையல் இன்னும் ஆறவில்லை என்று அனுசியா வாசலிலிருந்து சத்தம் போட்டாள்.

அவள் ஊர்ப் பேராவது வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொன்னார். இல்லை என்றால் வெள்ளிக்கிழமையும் வருவேன் என்பது அவருக்குத் தெரியும்.